பிசிறில்லாத வேலை

சக்களத்தியை விற்றுவிடலாம் என்று அக்கா சொன்னபோது தம்பிக்குத்தான் மனசு வரவில்லை. அக்காவுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் காரை அவள் ஒருநாளும் வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை. அத்தான் அதை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்த அன்றைக்கே, "ஒருத்தியை வெச்சுக் குடும்பம் நடத்த வக்கில்லை, இதுல சக்களத்தி வேறயா?" என்று கேட்டாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இங்கிலாந்தில் செய்த கார். இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, மழை வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து நனையலாம். கரும்பச்சை நிறம். முப்பது வருஷத்துக்கு முன்னால் அத்தான் அதை ஒரு பழைய பிரிட்ஜ் விலைக்கு வாங்கினார். விற்றவர் மனம் மாறிவிடுவாரோ என்று அத்தானும், அத்தான் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவாரோ என்று விற்றவரும் பயந்துகொண்டே கை குலுக்கினார்களாம்.

அந்தக் காலத்தில் அந்த மாதிரி வண்டிகளை அடிமாட்டு விலைக்குக் கேட்கக்கூட ஆளில்லை. இன்றைக்கு ஆனை விலை, குதிரை விலை. அதே வகைக் கார் ஒன்று ஏலத்தில் போன தொகையைப் பழைய கார்த் தரகர் ஒருவர் செல்போனில் காட்டியபோது, அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். பூஜ்யங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

அத்தான் போய் இரண்டு வருஷமாகிறது. அக்கா இப்போது மகன் வீட்டில் இருக்கிறாள். மகன் நல்லவன், மருமகளும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை, அதெல்லாம் சரிதான். ஆனால் வீட்டில் அறை இரண்டு, ஆள் ஐந்து. அக்காவுக்குக் கூடத்தில் ஒரு மடக்குக்கட்டில். டீவி அணைந்த பிறகுதான் அது விரியும். காலையில் யாராவது எழுந்துவிட்டால் அவளும் எழுந்து அதை மடக்கிச் சுவரில் சாத்தியாக வேண்டும். அறுபத்தாறு வயதில், விழிப்பு வந்த பிறகு கொஞ்சநேரம் சும்மா படுத்துக் கிடக்க அவளுக்கு ஓர் இடம் இல்லை.

இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில், ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீடு ஒன்று விலைக்கு வந்தது. அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன்டா. சும்மா ஒரு நிமிஷம் நின்னேன்" என்று தம்பியிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெட்கத்தைத் தம்பி அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சக்களத்தி நல்ல விலைக்குப் போனால் அந்த வீடு அவளுக்கு. போகாவிட்டால் மடக்குக்கட்டில்தான்.

தம்பி தொழிலில் டிங்கர். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தி, அடிபட்ட இடம் எது என்று காரின் சொந்தக்காரரே தேடும்படி செய்துவிடுகிறவர். ஊரில் அவருக்கு 'பிசிறு' என்று பெயர். தகட்டின் ஓரத்தில் ஒரு பிசிறு விரலில் தட்டுப்பட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது, அதனால் வந்த பட்டம். அதில் கேலி பாதி, மரியாதை பாதி. அவருக்கும் அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமைதான்.

சக்களத்தியைச் சீர்படுத்தியவரும் அவர்தான். அப்போது அவருக்கென்று பட்டறைகூட இல்லை. அத்தான் வீட்டுக் கொட்டகையில் இரண்டு வருஷம் அந்த வண்டியே கதி என்று கிடந்தார். தரைத்தகடு, அடிச்சட்டம், கதவு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. முடித்து வெளியே தள்ளியபோது தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அதைப் பார்த்துவிட்டு வேலை கொடுத்தவர்கள்தான் அவருடைய முதல் வாடிக்கைக்காரர்கள். இன்றைய பட்டறையும் அதற்கு மேலே அவர் குடியிருக்கும் மாடி அறையும் அதிலிருந்து வந்தவைதான்.

தரகர் திங்கட்கிழமை வந்தார். பட்டறையின் பின்பக்கத்தில் போர்வை போர்த்தி நின்ற வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினார். எஞ்சினில் உள்ள எண், உள்ளே அறைந்திருந்த பித்தளைத் தகட்டில் உள்ள எண், தயாரித்த கம்பெனியின் பழைய ஏட்டிலிருந்து எடுத்து வரவழைத்த சான்றிதழ், எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. தரகர் முகமெல்லாம் பல்லாக இருந்தது. பிறகு முன்சக்கரத்துக்கு மேலே, அடிச்சட்டத்தில் கையை விட்டுத் தடவினார். டார்ச் அடித்துப் பார்த்தார். மறுபடியும் தடவினார்.

"அண்ணே, இங்கே சட்டத்துல நேராக் குத்தின நம்பர் ஒண்ணு இருக்கணுமே. எங்கே?"

பிசிறு குனிந்து பார்த்தார். சட்டம் வழுவழு என்று இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த இடம் இருந்த கோலம் ஞாபகம் வந்துவிட்டது. துரு, துருவுக்கு அடியில் குழி, நடுவில் உளி பட்டதுபோல ஏதோ கீறல்கள். யாரோ வேலை தெரியாதவன் கை வைத்திருக்கிறான் என்று அப்போது மனதுக்குள் திட்டியிருந்தார். கிரைண்டரால் இழைத்து, ஈயம் நிரப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் ஒன்றும் தட்டுப்படாத மாதிரி செய்தார். அன்றைக்கு அத்தான்கூட அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"அதுதான் அண்ணே வண்டிக்குக் கைரேகை" என்றார் தரகர். "வெலை ஏற ஏறப் போலியும் ஏறிப்போச்சு. நொறுங்கிப்போன ஒரு வண்டியோட பேப்பரையும் தகட்டையும் வெச்சுக்கிட்டு, மிச்சத்தைப் புதுசாச் செஞ்சு அசல்னு விக்கறாங்க. அதனால சட்டத்துல நம்பரைப் பார்க்காம யாரும் முழு வெலை பேச மாட்டாங்க."

"இல்லைன்னா?"

"ரிப்பேர் பண்றப்போ அழிஞ்சுபோச்சுன்னு உள்ளதைச் சொல்லிடலாம். மத்ததெல்லாம் ஒத்துப்போகுதே. பாதி வெலை வரும். வாங்கறவங்க வெள்ளிக்கிழமை ஒரு பரிசோதகரை அனுப்பறாங்க. அக்காகிட்டக் கேட்டு முடிவு பண்ணுங்க."

பிசிறு அக்காவிடம் கேட்கவில்லை. இதை நான் அவருக்காக மழுப்பிச் சொல்லப் போவதில்லை. கேட்க வேண்டும் என்றால், உன் வீட்டில் பாதியை நான் இழைத்துத் தள்ளிவிட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே சிறந்தது எதுவோ அதுதான் தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை முழுதும் வாயைத் திறக்க முயன்றார். செவ்வாய்க்கிழமை அக்காவே போன் செய்து, "தரகர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள். "எல்லாம் நல்லபடியா முடியும், நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு திரும்ப வழியில்லாமல் போனது.

புதன்கிழமை காலையில் பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எண் குத்தும் அச்சுகளை எடுத்தார். எழுத்துக்கு ஒன்று, எண்ணுக்கு ஒன்று என்று எஃகில் செய்த பழைய செட். அளவும் பொருத்தமாக இருந்தது. பித்தளைத் தகட்டில் இருந்த எண்ணைப் பார்த்து, முதலில் வேண்டாத ஒரு தகட்டில் நாலு தடவை குத்திப் பழகினார். கார்த் தொழிற்சாலை என்றால் அவர் மனதில் ஒரு படம் இருந்தது. வெள்ளை அங்கி போட்ட ஆட்கள், வரிசையாக விளக்குகள், நூல் பிடித்தாற்போல வேலை. அவர்கள் தரத்துக்குத் தன் கை எட்ட வேண்டுமே என்பதுதான் அவருடைய ஒரே கவலை. மற்றதெல்லாம் தப்பு என்று தெரியும். அந்த நேரத்தில் அது பின்னால் போய்விட்டது.

சட்டத்தில் மெல்லிய கோடு ஒன்று இழுத்தார். கவராயத்தால் இடைவெளி அளந்து புள்ளி வைத்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அடி, ஒரே ஆழம். அச்சைச் சுற்றி எழும்பிய பிசிறை உப்புத்தாளால் நீவி எடுத்தார். பிறகு வினிகரும் உப்பும் தடவிப் பழுப்பேற்றி, கரியும் எண்ணெயும் கலந்து பூசித் துடைத்தார். வியாழக்கிழமை வெளிச்சத்தில் பார்த்தபோது அது பிறந்த நாளிலிருந்தே அங்கே இருந்தது போல இருந்தது. அன்று மதியம் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்த பரிசோதகர் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசவில்லை. ஒரு சின்ன விளக்கு, நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி, ஒரு நோட்டு, அவ்வளவுதான் சாமான். கதவுகளைத் திறந்து மூடினார். கதவுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் விரலை ஓட்டினார்.

"தகடு வேலை ரொம்ப சுத்தம். யார் செஞ்சது?"

"நான்தாம்மா" என்றார் பிசிறு. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த அம்மாள் முன்சக்கரத்தின் பக்கம் போய் மண்டியிட்டார். விளக்கை நேராக அடித்தார், சாய்த்து அடித்தார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார். திங்கட்கிழமை இல்லாத எண்ணை அப்போதுதான் பார்த்த தரகர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். அந்த அம்மாள் எழுந்து முழங்காலில் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"இதுவும் நீங்கதானா?"

பிசிறு குனிந்து அந்த எண்ணை ஒருமுறை பார்த்தார். அந்த அம்மாள் செல்போனை எடுத்து அவரிடம் நீட்டினார். அதே வகைக் கார்கள், அதே இடம், வேறு வேறு எண்கள். ஒன்றில் ஏழு மேலே ஏறியிருந்தது. ஒன்றில் மூன்றை இரண்டு தடவை குத்தியிருந்தார்கள். ஒன்றில் கடைசி எழுத்து குடித்தவன் நிற்பதுபோல நின்றது. ஒரு படத்தைப் பிசிறு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வேலை தெரியாதவன் போட்ட கீறல் என்று அவர் இழைத்துத் தள்ளியது அப்படியேதான் இருந்தது.

"அங்கே ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டி, சார். வரிசை நகர்ந்துக்கிட்டே இருக்கும். சாப்பாட்டு மணிக்கு முன்னாடி குத்தித் தள்ளிட்டுப் போவாங்க. இவ்வளவு அழகா, அளவெடுத்துக் குத்தினது ஒண்ணைக்கூட நான் பார்த்ததில்லை."

"வண்டி அசல்தாம்மா. அந்த இடத்தை நான்தான் தெரியாம இழைச்சுட்டேன். மத்தது எல்லாம் அசல்."

"இருக்கலாம். இதை வந்ததுமே சொல்லியிருந்தா அப்படியே எழுதிக் குடுத்திருப்பேன். இப்போ எதை நம்பறது? எஞ்சின் நம்பரையும் நீங்களே குத்தியிருக்கலாம். உங்களுக்கு அந்தக் கை இருக்கு."

தரகர் நடுவில் புகுந்து, பாதி விலைக்காவது என்று இழுத்தார். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். இந்த வகைக் கார்களுக்கு என்று ஒரு பதிவேடு இருக்கிறதாம். எந்த எண் வண்டி எங்கே இருக்கிறது என்று வாங்குகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்களாம். இந்த எண்ணுக்கு நேராக, 'எண் திருத்தப்பட்டது' என்று அவர் எழுதியே ஆக வேண்டும். எழுதினால் எழுதினதுதான். இனி இதை உதிரிப் பாகங்களாக எடைக்கு யாராவது கேட்பார்கள். அவர் கோபப்படவில்லை. கிளம்பும்போது, "கதவு வேலை நிஜமாவே நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பிசிறுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தரகர் வாசலில் நின்றார். "நான் பாதின்னு சொன்னேனே அண்ணே. என் பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டீங்க" என்றார்.

அக்கா பட்டறையின் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கையில் ஒரு சாவி, மடியில் ஒரு அளவு நாடா. அந்த ஓர் அறை வீட்டை விற்க இருந்த வீட்டுக்காரர் ஜன்னலை அளந்துகொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். தம்பி எதிரில் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். அவர் உட்காரவில்லை. இழைத்ததில் ஆரம்பித்து, தரகர் சொன்ன பாதி விலை, புதன்கிழமை, பதிவேடு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அழவில்லை. "பாதி கிடைக்கும்னு திங்கட்கிழமையே சொன்னாரா?" என்று கேட்டாள்.

"சொன்னார்."

"வீடு பார்க்கப் போன அன்னிக்கே வீட்டுக்காரர் என்கிட்ட ஒண்ணு சொன்னார்டா. முழுசா முடியலைன்னா பாதியைக் குடுங்க, நான் விக்கலை, நீங்க இருக்கற வரைக்கும் இருங்க, அப்புறம் வீடு அவர் பிள்ளைங்களுக்குன்னார். எனக்கு அது போதும்னுதான் இருந்தது. எனக்கப்புறம் எனக்கு எதுக்கு வீடு? நீ முழு வெலைன்னு அவ்வளவு ஆசையா இருந்தே, அதனாலதான் நான் பேச்செடுக்கலை."

மாடி அறையை நீ எடுத்துக்கோ, நான் பட்டறையில் படுத்துக்கொள்கிறேன் என்றார் பிசிறு. "அந்தப் படியில என்னால ஏற முடியாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. அதில் கோபம் இல்லை. அவளுடைய முழங்கால் அப்படி. அவருக்கும் அது தெரியும், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான்.

அக்கா அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"சாவியைத் திருப்பிக் குடுக்கணும். நீயும் வா."

"நான் எதுக்குக்கா? நான் போய் வண்டியை..."

"ஏன் வேண்டாம்னு கேப்பார். நல்ல மனுஷன், கேட்காம விட மாட்டார். எனக்குச் சொல்லத் தெரியாது. நீ சொல்லு."

வெயில் இன்னும் இருந்தது. இரண்டு தெருதான். அக்கா காலைத் தாங்கித் தாங்கி முன்னால் நடந்தாள். பிசிறு அவள் பின்னால், எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனார். வீட்டுக்காரர் அவர்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "ஜன்னல் அளவு எடுத்தாச்சா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்.