தேவிக்குக் கொடுத்த காடு

காட்டை ஐந்து வருஷத்துக்குத் தேவிக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் முதலில் வாய் திறந்தவளே ஜசுளிதான். குமாவோன் மலையில் சர்க்கார் காவலுக்கு அஞ்சாதவனும் தேவிக்கு அஞ்சுவான். காட்டுப் பஞ்சாயத்துத் தலைவியான அவளே சொன்னபின் மறுபேச்சு ஏது? எல்லாரும் காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள். அதைக் கோயில் மணியோடு சேர்த்துக் கட்டினார்கள். அன்றிலிருந்து ஒரு சுள்ளியைக்கூட யாரும் தொடக்கூடாது. தொட்டவர் வீட்டைத் தேவி பார்த்துக்கொள்வாள்.

மூன்று வருஷத்தில் காடு தழைத்தது. வறண்டு கிடந்த சுனையில் தண்ணீர் கசிந்தது. ஜசுளிக்குத் தலைகால் புரியாத பெருமை.

பெருமையா, மண்ணாங்கட்டியா. இந்தப் பனிக்காலத்தில் அவளுடைய பசு கன்று போட்டது. சேர்த்து வைத்த புல் தீர்ந்துபோயிருந்தது. பக்கத்து ஊரில் கேட்டால் கொடுத்திருப்பார்கள். தலைவி போய்க் கையேந்துவதா என்று கௌரவம் பார்த்தாள். ஒருநாள் விடிந்தும் விடியாமல் அரிவாளோடு தேவியின் காட்டுக்குப் போய், மாடு விரும்பித் தின்னும் பாஞ்ச் மரமொன்றில் ஏறிக் கிளைகளை வெட்டி, ஒரு கட்டுத் தழையோடு வந்து சேர்ந்தாள். ஒரு கட்டுதானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வெட்டுப்பட்ட மரத்தை ஊர் பார்த்துவிட்டது. யார் வேலை என்றுதான் தெரியவில்லை. பத்தாம் நாள் கீழ்வீட்டு தேபுலியின் எருமை செத்து விழுந்தது. அதோடு விசாரணை முடிந்தது.

"தேவியே கை காட்டிட்டா. இனி சாட்சி எதுக்கு?" என்றார்கள்.

தேபுலி புருஷனை இழந்தவள். அந்த எருமைதான் அவளுக்குச் சோறு போட்டது. "நான் வெட்டலக்கா, சத்தியமா வெட்டல" என்று ஜசுளியிடம் வந்து அழுதாள். மூன்றாம் நாள் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.

"சுனைக்குப் போறப்ப கீழ கெடந்த ரெண்டு சுள்ளிய எடுத்தேன்க்கா. அதுக்குத்தான் இருக்கும்."

ஜசுளி தினமும் ஒரு செம்பு பால் மட்டும் கொடுத்தனுப்பினாள். தலைவிக்கு எவ்வளவு இரக்கம் என்று ஊர் மெச்சியது. மெச்ச மெச்ச அவளுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் சொல்லவில்லை.

பௌர்ணமியன்று தேபுலி பிழை பொறுக்கச் சொல்லிக் கோயிலுக்கு வந்தாள். தலைவிதான் பக்கத்தில் நின்று அதைக் கேட்க வேண்டும், அது வழக்கம்.

"சுள்ளியாம்ல? பாதி மரத்த மொட்டையடிச்சிட்டுப் பேச்சப் பாரு" என்று ஊர்ப் பெரியவர் ஹயாத் சிங் சிரித்தார்.

தேபுலி காதில் வாங்காமல் செம்பை எடுத்தாள். "எங்க வீட்ல பால் ஏதுக்கா? காலைல நீ குடுத்தத குடிக்காம தேவிக்குன்னு வச்சிட்டேன். ஊத்தட்டுமா?"

ஜசுளி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊத்தாத. அது இந்தக் காட்டுத் தழையத் தின்னு சுரந்த பால். மரத்த வெட்டினது நான்தான்."

ஹயாத் சிங்கின் சிரிப்பு நின்றுபோனது.

"என் பசுவையும் கன்னையும் நீ ஓட்டிட்டுப் போ, தேபுலி. ஊர் என்ன சொன்னாலும் கட்டுப்படறேன்."

தேபுலிக்குப் பசுவைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. செம்பைப் பிடித்தபடி நின்றாள்.

"அப்போ என் எருமை எதுக்குக்கா செத்துச்சு?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அக்கா தலைவியாயிற்றே, சொல்லுவாள் என்று காத்து நின்றாள்.