அம்மாவின் கழுத்துவலி

வீட்டு முன்னறைதான் தையல்கடை. அம்மாவின் மிஷின் உறை போட்டுக் கிடந்தது. அவளுக்கு மனச்சோர்வு என்று டாக்டர் மருந்து கொடுத்திருந்தார். வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும் என்று, கேட்டவர்களிடமெல்லாம் கழுத்துவலி என்று சொல்லிவைத்திருந்தான் மூத்த மகன்.

அதை நம்பி, தைக்கக் கொடுத்திருந்த சட்டையை வாங்க வந்த எதிர்வீட்டு அக்கா, சுளுக்கு எடுப்பவர் ஒருவரையும் கையோடு கூட்டிவந்துவிட்டாள்.

"ஒரே திருப்புதான் தம்பி, பட்டுனு விட்டுடும்" என்று அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மா, மகனின் பேச்சு பொய்யாகிவிடக் கூடாதென்று மெல்ல எழுந்து, கழுத்தைக் காட்டி உட்கார்ந்தாள்.

அக்காவோடு உள்ளே வந்த மகன் அதைப் பார்த்தான். குறுக்கே போய் நின்றான்.

"கழுத்துல ஒண்ணுமில்லக்கா. அம்மாவுக்கு மனசுதான் சரியில்ல. மருந்து சாப்பிடறாங்க."

"அடப்பாவி! இதைச் சொல்றதுக்கென்ன? நான் பாட்டுக்கு இந்தப் பயில்வானைக் கூட்டிட்டு வந்திருக்கேன்!"

பயில்வான் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அம்மா மறுபடி படுத்துக்கொண்டாள். "அந்தச் சட்டைக்குப் பொத்தான் மட்டும்தான் பாக்கி. என்னால முடியலப்பா, நீ வச்சுக் குடுத்துடு" என்றாள், அக்காவின் காதில் விழும்படியே.

அவன் ஊசியில் நூலைக் கோத்தான்.