விட்டுப்போன வரிகள்

...அழித்துவிட்டார், ஐயோ, அழித்தே விட்டார், இவளுக்கு எழுத இன்னும் ஐந்தாறு வரி பாக்கி, பேராசிரியை பலகையின் இடப்பக்கத்தை ஒரே வீச்சில் துடைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறார். டேப்லெட் இருந்திருந்தால் இந்நேரம் எல்லா வரியையும் ஏற்றி, மஞ்சள் பூசி, கட்டம் கட்டி... அதுதான் காலையில் பேருந்துப் படியில் விழுந்து முகமெல்லாம் கீறலோடு ரிப்பேர் கடையில் கிடக்கிறதே, வாங்கிக் கொடுத்த அக்காவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகும். பேனாவும் தாளும் பக்கத்து இருக்கைத் தோழியுடையவை, பலகையை நிமிடத்துக்கொரு படம் எடுப்பதால் வகுப்பே அவளைக் கேமரா என்றுதான் கூப்பிடும். விரல் கடுக்கிறது, மூன்று செமஸ்டராகத் தேர்வைத் தவிர பேனா பிடிக்காத விரல். போன தேர்வுத்தாளைக் கொடுக்கும்போது பேராசிரியை என்ன சொன்னார்? "நோட்ஸ் அச்சடிச்ச மாதிரி இருக்கும்மா, பதில்ல மட்டும் ஏன் ஒண்ணுமே இல்ல?" இந்தத் தேர்விலும் தோற்றுப்போனால் கணிதத்தை விட்டு வேறு துறைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சரி, கையில் இருப்பது என்ன? முதல் வரி: இந்தச் செயல்களின் கூட்டத்தில் எதை இரண்டு முறை செய்தாலும் செய்யாதது போல் ஆகிவிடும், விளக்கு ஸ்விட்ச் மாதிரி. கடைசி வரி பலகையில் இன்னும் நிற்கிறது: ab-யும் ba-வும் ஒன்றே, எதை முதலில் செய்தாலும் சரி. நடுவில் வெறும் தாள். அங்கிருந்து இங்கே எப்படி வந்தார்? வீட்டைப் பூட்டுகிறோம், பிறகு கேட்டைப் பூட்டுகிறோம், திரும்பி வந்தால் கேட்டைத்தானே முதலில் திறக்க வேண்டும்... தலைகீழ்... அப்படியானால் ab செய்ததை நீக்க முதலில் b-யை நீக்கணும், அப்புறம் a-வை, ஆனால் இங்கே ஒவ்வொன்றும் தன்னைத் தானே நீக்கிக்கொள்ளும், அப்போ ab-யை நீக்குவது ba... இரு, இரு, ab-யும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதானே, அதுவும் தன்னைத் தானே நீக்கிக்கொள்ளுமே, அப்போ ab-யை நீக்குவது ab-யேதான்... இரண்டும் ஒன்று! முடிந்தது! இரண்டே வரி! அவ்வளவுதானா, எங்கோ இடிக்குமே, இன்னொரு முறை பார்... இடிக்கவில்லை! கை எப்போது உயர்ந்தது, யார் தூக்கச் சொன்னது?

"என்னம்மா?"

"மேடம், இதை ரெண்டு வரில முடிக்கலாம்னு தோணுது."

எழுந்து பலகைக்குப் போனாள், எழுதினாள், சாக்பீஸ் பாதியில் முறிந்தது, மிச்சத்தால் எழுதினாள். பேராசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பலகைக்கு வெகு அருகில் போய் நின்றார்.

"சரியாத்தான் இருக்கு. எங்க படிச்ச?"

"எங்கயும் படிக்கல மேடம்... எழுத விட்டுப்போச்சு."

வகுப்பே சிரித்தது, பேராசிரியையும் சிரித்தார், "அப்பப்ப விடும்மா" என்றார். கால் தரையில் பாவாமல் இருக்கைக்கு வந்தாள். கேமரா காதருகில் கிசுகிசுத்தாள்: "அழிக்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்டி, அனுப்பட்டுமா?"

அனுப்பு என்றுதான் வாய் திறந்தது, பழக்கம்... "இரு, கொஞ்சம் பொறு." ஏன் பொறுக்கச் சொன்னாள்? மூன்று செமஸ்டரில் ஒரு வரி விட்டதில்லை, ஒரு புள்ளி விட்டதில்லை, அத்தனை பக்கத்திலும் இப்படித் தானே யோசிக்க எத்தனை இடம் இருந்திருக்கும், ஒன்றிலாவது இவள் நுழைந்திருக்கிறாளா... பேராசிரியை அடுத்த தேற்றத்தைத் தொடங்கிவிட்டார், பேனா தாளைத் தொட்டு நிற்கிறது, இதில் எந்த வரியை எழுதுவது, எதை விடுவது?