சைவம் மட்டும்

"பனமலைன்னா, பனமலையில எந்தப் பக்கம்?" என்று கமலாம்பாள் கேட்டதும் இளவழகன் கையிலிருந்த நோட்டை மூடினான்.

அதில் பதினைந்து கேள்விகள் இருந்தன. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் கேட்டே ஆக வேண்டியவை என்று செல்போனில் வீடியோ பார்த்து எழுதியது. எத்தனை பேர், என்ன வேலை, கரண்ட் மீட்டர் தனியா, மோட்டார் யார் போடுவது, ஒப்பந்தம் பதினோரு மாதமா. அம்மாவிடம் இருந்தது ஒரே கேள்வி. அதற்குப் பதில் வந்துவிட்டால் மற்ற பதினைந்தும் தேவையில்லை.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் இராமச்சந்திரன், ஓய்வுபெற்ற வாத்தியார். பக்கத்தில் அவர் மகள் ஜெயஸ்ரீ. செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து இருபது நாள். மாலை டூட்டி முடிந்து வெளியே வந்தால் பனமலைக்குப் பஸ் கிடையாது. துணி மாற்றும் அறையில் ஒரு பெஞ்சில் படுத்துக்கொண்டிருந்தாள். இதுவரை ஒன்பது வீடு பார்த்தாயிற்று. ஒன்பதிலும் அன்றைக்குக் காலையில்தான் யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இது பத்தாவது. மாடிப் பகுதி. 'கோட்டை தெரியும்' என்று இளவழகன் விளம்பரத்தில் போட்டிருந்தான். செஞ்சியில் எந்த மொட்டை மாடியிலிருந்து கோட்டை தெரியாது என்று யாரும் அவனைக் கேட்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்பு வரை அவனும் மனைவி சுமலதாவும் அங்கேதான் இருந்தார்கள். காய்ச்சல் வந்தது. நான்கு நாளில் செத்துப்போனாள். அவன் கீழே வந்துவிட்டான். நட்சத்திரம் சரியில்லை என்று மாடியை ஆறு மாதம் அடைத்து வைத்தார்கள். பிறகு, அம்மா எதிர்பார்த்த 'நம்ம ஆளுங்க' சிலர் வீடு பார்க்க வந்தார்கள். படி ஏறும்போதே "இங்கதான அந்தப் பொண்ணு..." என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

ஜெயஸ்ரீயிடம் இளவழகனே அதைச் சொல்லிவிட்டான். "நான் படுக்கிற பெஞ்ச விடவா சார்?" என்றாள். வீடு பிடித்திருந்தது.

இப்போது அம்மாவின் கேள்விதான் பாக்கி.

"காலனிங்க," என்றார் இராமச்சந்திரன். வகுப்பில் பெயர் கூப்பிட்டதற்கு 'உள்ளேன் ஐயா' சொல்வதுபோலச் சொன்னார்.

அடுப்பில் குழம்பு கொதிக்கும் சத்தம் கூடத்துக்குக் கேட்டது.

"அதுக்கில்லீங்க," என்றாள் கமலாம்பாள். "போர்டுல பாத்திருப்பீங்களே. சைவம் மட்டும்தான்."

அந்த போர்டை எழுதியவன் இளவழகன். கடைசி வரியை அம்மா சேர்க்கச் சொன்னாள். எதற்கு என்று அவனுக்குத் தெரியும். அந்தத் தெருவில் பாதி வீட்டு போர்டில் அந்த வரி உண்டு. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையிலும் அதே பாதி வீட்டுக்காரர்கள் நிற்பார்கள். அவன் எம்.ஏ. சமூகவியல். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறான். ஒரு பிழையில்லாமல் எழுதினான்.

"பாத்துதாம்மா வந்தோம்," என்றாள் ஜெயஸ்ரீ சந்தோஷமாக. "எங்க தாத்தா காலத்துலேந்து வடலூர் வழி. முட்டைகூட வீட்டுக்குள்ள வராது. சைவ வீடு கெடைக்காதான்னு அலைஞ்சிக்கினு இருந்தோம். ஆனா..." மூக்கைச் சுளிக்கக் கூடாதென்று பாடுபட்டாள். "நைனா, இது இன்னா வாசனை?"

"சும்மா இரும்மா." வாத்தியார் மகளின் கையைத் தட்டினார். "நெத்திலிக் கருவாடுன்னு நெனைக்கிறேன். தப்பா சொல்லலீங்க. போர்டுல வேற மாதிரி இருந்துச்சு, அதான்."

இளவழகனுக்குச் சிரிப்பு வந்தது. வந்து ரொம்ப நாளாகிவிட்டதால் அதை என்ன செய்வதென்று தெரியாமல் இருமினான்.

கமலாம்பாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு மறந்தே போச்சு பாருங்க. எந்தம்பி மவன் இந்த வீட்டக் கேட்டிருந்தான். அடுத்த மாசம் கண்ணாலம் ஆயி வரான். இல்லடா அழகு?"

தலையாட்டினால் போதும். தலையாட்டுவது அவனுக்கு நன்றாக வரும். பெண் பார்த்தபோது ஆட்டினான். சீர்வரிசை பேசியபோது ஆட்டினான். 'சொரந்தானே, மந்திரிச்சா எறங்கிடும், ஆஸ்பத்திரி எதுக்கு' என்று அம்மா சொன்ன முதல் நாளும் ஆட்டினான்.

வாத்தியார் எழுந்திருக்கத் தயாராகப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பத்தாவது வீடு. அவருக்கும் பழகியிருந்தது.

"மாமாவுக்கு ரெண்டும் பொண்ணுதானம்மா," என்றான் இளவழகன்.

கமலாம்பாள் அவனைப் பார்த்தாள். பிறகு, குழம்பு தீய்கிறது என்று உள்ளே போனாள். தீயவில்லை.

மறுநாள் தாலுகா ஆபீஸ் எதிரே ஒப்பந்தம் எழுதினார்கள். எழுதிக் கொடுத்த கோதண்டராமன் எல்லோருக்கும் ஒரே நகலை வைத்திருந்தார். பெயரை மட்டும் மாற்றுவார். இராமச்சந்திரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துவதுபோல வரிவரியாகப் படித்தார்.

"'வாடகைதாரர் அசைவம் சமைக்கக் கூடாது'ன்னு இருக்கு. 'இவ்வீட்டில் எவரும்'னு மாத்திடுங்க."

"வீட்டுக்காரரையும் சேத்தா?" கோதண்டராமன் தட்டச்சை நிறுத்தினார். "முப்பது வருசத்துல இப்டி ஒருத்தரும் கேட்டதில்ல சார்."

"முப்பது வருசமா ஒரு பக்கத்துக்கே எழுதிட்டீங்க. போர்டுல பொதுவாத்தான போட்டிருக்கு? தம்பி இன்னா சொல்றீங்க?"

வீடியோவில் சொன்ன பதினைந்தில் இது இல்லை. "போடுங்க," என்றான் இளவழகன். சொந்த வீட்டில் கருவாடு தின்னும் உரிமையை முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டான். சாட்சிக் கையெழுத்து கோதண்டராமனுடையது. அவர் சிரித்துக்கொண்டே போட்டதில் எழுத்து கோணிவிட்டது.

கமலாம்பாள் மூன்று நாள் மகனோடு பேசவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுச் சுவரிடம் "சோறு இருக்குது" என்றாள். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் இருந்த தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாள். எதிர்வீட்டு அரிசிமண்டி கலியபெருமாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னாக்கா, சட்டியும் கையுமா?"

உண்மையைச் சொல்ல அவளால் முடியாது. "மேல குடி வந்திருக்கறவங்க ரொம்ப சுத்த பத்தம்டா. கவுச்சி வாசனையே ஆவாது."

"ஐயருங்களா?"

கமலாம்பாள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சட்டியை இடுப்பு மாற்றிக்கொண்டு நடந்தாள். ஜன்னலருகே ஷேவிங் செய்துகொண்டிருந்த இளவழகனும் அதைக் கேட்டான். பாதி முகத்தில் நுரை இருந்தது. நுரையோடு வெளியே போய்ப் பேசுவது நன்றாயிருக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மீதியையும் மழித்து முடித்தபோது கலியபெருமாள் போய்விட்டிருந்தார். சமூகவியல்காரனுக்கு நல்ல சாக்கு.

ஒரு வாரத்தில் தெருவே அதை நம்பிவிட்டது. கலியபெருமாள் தன் வயதில் பாதி இருக்கும் ஜெயஸ்ரீயை "மாமி" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவளோ, நர்ஸம்மாவைத்தான் இந்தத் தெருவில் அப்படிக் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். அவள் வண்டியை வெளியே எடுக்கும்போது தன் கடை லாரியைப் பின்னால் நகர்த்தச் சொன்னார். அந்தத் தெருவில் ஆம்புலன்ஸுக்குக்கூட நகராத லாரி.

தைப்பூசத்தன்று ஜெயஸ்ரீ தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டு இறங்கினாள். முதல் தொன்னை வாசலில் நின்ற கலியபெருமாளுக்கு. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையும் நீட்டி வாங்கினார்.

"மாமி கைப்பக்குவமே தனி," என்று ஒரு வாய் போட்டுக்கொண்டார். "ஐயருங்கள்ல நீங்க எந்த ஊருப் பக்கம்?"

ஜெயஸ்ரீக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கரண்டியைத் தூக்குக்குள் வைத்தாள்.

"ஐயர் இல்லீங்கண்ணா. பனமலை காலனி."

கலியபெருமாளின் வாய் நின்றது. கதவருகே மகனோடு நின்ற கமலாம்பாள் அவசரமாகச் சிரித்தாள். "அது வெளாட்டுக்குச் சொல்லுது. இல்லடா அழகு?"

எல்லோரும் இளவழகனைப் பார்த்தார்கள். இந்த முறை முகத்தில் நுரை இல்லை.

"வெளாட்டு இல்லண்ணா. அவங்க காலனிதான்," என்றான். "சைவமும் அவங்கதான். நாங்கதான் கவுச்சி. போர்டுல இருக்கறபடி பாத்தா, அவங்கதான் எங்களச் சேத்துக்கிட்டிருக்காங்க."

கமலாம்பாள் உள்ளே போய்விட்டாள்.

பொங்கல் கலியபெருமாளின் வாயில் அப்படியே இருந்தது. பூசத்துப் பிரசாதம். துப்பினால் சாமி குத்தம். விழுங்கினால் தெரு பார்க்கிறது. நெய் உதட்டோரம் வழிந்தது. கண் ஒருமுறை லாரியிடம் போய் வந்தது. கடைசியில் தொண்டை அசைந்தது.

ஜெயஸ்ரீ கரண்டியை எடுத்தாள்.

"முந்திரி அடியில தங்கியிருக்குதுண்ணா. இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?"