கணக்கில் வராத தட்டு

பூட்டுக்காரருக்குச் சந்தேகம்தான் மூலதனம். எல்லாரும் எல்லாரையும் நம்பிவிட்டால் அவர் எதை விற்பார்? ஆனால் இப்போது புதுக் கட்டடங்களுக்கெல்லாம் எண்ணை அழுத்தினால் திறக்கும் கதவு வந்துவிட்டது. மாடிப்படிக்கு அடியிலிருந்த அவர் கடையில் ஓட்டுவதற்குக்கூட ஈ வருவதில்லை.

அந்தக் கடைக்கு மகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை நேரில் வந்தார்.

"ஒரு கையெழுத்து போதும் சார். உங்க பொண்ணுக்கு மதியச் சாப்பாடு இலவசம். அவளுக்காகப் பள்ளிக்கும் அரசாங்கம் கூடுதல் பணம் தரும். வாசிக்கத் திணறுற பிள்ளைங்களுக்குத் தனியா ஒரு டீச்சர் வைக்கலாம்."

பூட்டுக்காரரின் காதில் 'பள்ளிக்கும் பணம்' மட்டும்தான் விழுந்தது. இந்த வெயிலில் நடந்து வந்து கெஞ்சுகிறார் என்றால் சும்மாவா? "யோசிச்சு சொல்றேன்" என்றார்.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "யோசிக்க என்ன இருக்கு? ரெண்டு துண்டு ரொட்டிதான் கட்டி அனுப்பறேன். வளர்ற பொண்ணு."

"உனக்குத் தெரியாது. இலவசம்னா தனி வரிசை, தனித் தட்டு. மத்த பிள்ளைங்க வேடிக்கை பார்க்கும்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கத்தான் போறேன்."

மறுநாள் மத்தியானம் கருவிப் பையை மாட்டிக்கொண்டு போனார். "பூட்டு ரிப்பேர்" என்றதும் காவலாளி உள்ளே விட்டுவிட்டார். எந்தப் பள்ளியிலும் ஏதாவது ஒரு பூட்டு கெட்டுப்போய்த்தான் கிடக்கும் என்பது தொழில் ரகசியம்.

"வாங்கண்ணே! சரக்கறைப் பூட்டு எத்தனை நாளா மக்கர் பண்ணுது, இப்பவாவது அனுப்பினாங்களே!" என்று சமையற்காரம்மா இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். வேவு பார்க்க வந்தவர் வேலையும் பார்க்க வேண்டியதாயிற்று. கூலியை யாரிடம் கேட்பது?

சரக்கறை வாசலிலிருந்து சாப்பாட்டுக்கூடம் முழுசாகத் தெரிந்தது. ஒரே வரிசை. ஒரே மாதிரித் தட்டு. அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. அப்படியானால் விஷயம் இன்னும் ஆழம்.

"அந்த ஷூ கிழிஞ்ச பையன், தலை வாராத பொண்ணு... அவங்கதானே இலவசம்?" என்று கொக்கி போட்டார்.

சமையற்காரம்மா சிரித்தார். "அவன் டாக்டர் மகன், பந்து உதைச்சே கிழிச்சான். அவ எங்க ஹெட் டீச்சரம்மாவோட பேத்தி. யாரு இலவசம்னு ஆபீசுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது சாப்பாட்டு லிஸ்ட்டுல பேரே வராத ஒரே ஒரு பிள்ளைதான். அதோ."

ஜன்னலோரம் அவருடைய மகள். தட்டு நிறையச் சாப்பாடு.

திருப்புளி கையிலேயே நின்றது. கையெழுத்தே போடவில்லை, சாப்பாடு எப்படி வந்தது? சந்தேகப்பட்டது சரிதான்! ஏதோ நடக்கிறது!

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சமையற்காரம்மா குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு துண்டு ரொட்டியை மணி அடிக்கிற வரைக்கும் மென்னுக்கிட்டு இருக்கும். பார்த்துட்டு எனக்குத் தொண்டையில இறங்குமா? என் பங்கை அதுக்குப் போட்டுட்டு, அதோட ரொட்டியை நான் வாங்கிக்கறேன். மேல தெரிஞ்சா என் வேலை போயிடும்."

பூட்டுக்காரர் திருப்புளியை மறுபடி பூட்டில் வைத்தார். "அவங்கப்பாகிட்ட கேக்கலாமே?"

"அந்தாளா? டீச்சரம்மா கடைக்கே போய்க் கேட்டாச்சு. யோசிக்கிறாராம். பெரிய மந்திரி!"

பூட்டுக்காரர் முகத்தைப் பூட்டோடு ஒட்ட வைத்துக்கொண்டார். சரிசெய்து முடித்ததும் கூலி பற்றி மூச்சுவிடாமல் நேராக ஆபீசுக்குப் போனார்.

"பேனா கொடுங்க."

"யோசிச்சாச்சா சார்?"

"மந்திரி யோசிச்சு முடிச்சாச்சும்மா."

தலைமையாசிரியை அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் பேனாவைக் கொடுத்தார்.

திரும்பிக் கூடத்துக்கு வந்தபோது மகள் அவரைப் பார்த்துவிட்டாள். சட்டென்று இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"அந்த அத்தையைத் திட்டாதீங்கப்பா. நான்தான் வாங்கிக்கிட்டேன்."

"யார் திட்டப் போறா? கையை எடு, ஆறிடும். நாளையிலேருந்து இது உன்னோடதுதான். அத்தை அவங்களோடதைச் சாப்பிடட்டும்."

மகள் கையை எடுக்கவில்லை. கண்ணைச் சுருக்கி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"யார் சொன்னா?"