கட்டைவிரலுக்கு எட்டிய பொத்தான்

நான்கு மணிக்குள் இணையப் பக்கத்தை அனுப்பியாக வேண்டும். மூன்று இருபதுக்கு அண்ணி தன் போனை மூக்கருகே பிடித்துக்கொண்டு, "என்னடி இது, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு? பூதக்கண்ணாடியும் நீயே குடுப்பியா?" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று வந்தது.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க அண்ணி! கம்ப்யூட்டர்ல பாருங்க, எவ்வளவு அம்சமா இருக்கு!"

அம்சமாகத்தான் இருந்தது. பிரவுசரை இழுத்துக் குறுக்கினால்கூட பக்கத்திலிருந்த மூன்று படங்களும் சமர்த்தாக ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. போனில் மட்டும் மொத்தப் பக்கமும் பொடிப்பொடியாகத் தெரிந்தது.

அச்சகத்தில் பன்னிரண்டு வருஷம் நோட்டீஸ் வடிவமைத்தவள் நான். அதை மூடியபின் எட்டு மாதமாக வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இணையப் பக்கம் செய்யும் நிறுவனம் ஒன்றில் ஒரே ஓர் இடம் இருந்தது. தேர்வுக்காக ஏதாவது ஒரு கடைக்கு முகப்புப் பக்கம் செய்து அனுப்பச் சொன்னார்கள். அண்ணியின் தையல் கடையை எடுத்துக்கொண்டேன். அங்கே மேலாளர் அம்மா கறாராகச் சொல்லியிருந்தார்: "நான் பஸ்ல ஒரு கையாலதான் பார்ப்பேன். 'கூப்பிடுங்க' பொத்தானைக் கட்டைவிரலால அழுத்த வரலைன்னா அப்பவே மூடிடுவேன்."

எழுத்தைப் பெரிதாக்கினேன். கம்ப்யூட்டரில் பூதமாக வளர்ந்தது, போனில் எறும்பு கட்டெறும்பானது, அவ்வளவுதான். போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"முதல்லேர்ந்து பாரேன். நான் அளவு தப்பினா அப்படித்தான் பிரிச்சுப் பார்ப்பேன்" என்றாள் அண்ணி.

எரிச்சலோடுதான் பக்கத்துக்காக எழுதிய நிரலின் முதல் வரிக்குப் போனேன். அங்கே ஒரு வரியைக் காணோம். போனின் அகலத்துக்கே பக்கத்தைக் காட்டச் சொல்லும் வரி அது. அது இல்லாவிட்டால் போன் இதைக் கம்ப்யூட்டருக்கான பக்கம் என்று நினைத்து முழுசாகச் சுருக்கிவிடும். நானேதான் போன வாரம் அழித்தேன். திரையில் எதையும் காட்டாத வரி எதற்கு என்று. அச்சாகாதது எதுவும் நோட்டீஸில் இருக்கக் கூடாது, அது அச்சகத்துப் பழக்கம்.

அந்த வரியைத் திரும்பப் போட்டேன். எழுத்தையும் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். அண்ணியின் போனில் பக்கம் விரிந்து நின்றது. மூன்று ஐம்பத்தாறுக்கு அனுப்பினேன்.

நான்கு இருபதுக்கு அண்ணியின் போன் அடித்தது. "சொல்லுங்க, புதுசா தைக்கணுமா, பிரிச்சுத் தைக்கணுமா?" என்று ஆரம்பித்தவள், முகம் மாறி, போனை என்னிடம் நீட்டினாள்.

"கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், பஸ் ஆட்டமா ஆடுது" என்றார் மேலாளர் அம்மா. "கட்டைவிரல் பட்டதும் கடைக்கு போன் வந்துடுச்சு! திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க."

அப்பாடா! தைக்க வந்த துணியைத் தோளில் போட்டிருந்த அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"தள்ளி நின்னு அழுடி, அடுத்தவங்க துணி நனையுது" என்றவள், அதே துணியில்தான் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.