கைக்குத் தெரிந்த உடம்பு

கொளஞ்சியப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் கண்காட்சி. மனைவி லோகநாயகியின் மார்பளவுச் சிலையை மூன்று முறை செய்து மூன்று முறையும் பிசைந்து போட்டாயிற்று. திருப்பாதிரிப்புலியூர் வீட்டு மொட்டைமாடியில் அவர் நடந்த நடைக்குச் சிதம்பரத்தையும் தாண்டிக் கிள்ளைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

முப்பத்தைந்து வருஷம் கால்நடை ஆய்வாளர். ஓய்வு பெற்ற பிறகுதான் களிமண்ணைத் தொட்டார். எருமை, நரி, வலையில் சிக்கி ஒருமுறை அவரிடம் கட்டுப்போட வந்த நீர்நாய் என்று அவர் செய்ததையெல்லாம் பார்த்து ஊரே மூக்கில் விரல் வைத்தது. கண்காட்சி நடத்தும் தேவசகாயம்தான் உசுப்பேற்றிவிட்டார்.

"மிருகம்லாம் சூப்பர் சார். மனுசன் ஒண்ணு பண்ணுங்க. அப்பதான் சிற்பின்னு ஒத்துக்குவாங்க."

நாலாவது சிலையிலும் மூக்கு மூக்காக இருந்தது, காது காதாக இருந்தது. மொத்தத்தில் துணிக்கடை பொம்மை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆடாத லோகு!"

"நான் எங்க ஆடறேன்? நீங்கதான் ஒரு எடத்துல நிக்க மாட்றீங்க." அவள் எழுந்து வந்து சிலையைப் பார்த்தாள். "நீர்நாய எப்பிடி செஞ்சீங்க?"

"கண்ண மூடிக்கிட்டு. தொட்டுப் பாத்த ஒடம்பு, கைக்குத் தெரியும்ல?"

லோகநாயகி சிரித்தாள். "ஊர்ல இருக்கற மாட்டையெல்லாம் தொட்டுப் பாத்தீங்க. என்னைய எப்ப பாத்தீங்க?"

சுருக்கென்றது. லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அவள் நெற்றி, தாடை, கழுத்து என்று பழகிய வேகத்தில் இறங்கிய கை இடது தோளில் நின்றுவிட்டது. எலும்பு உடைந்து, கோணலாகக் கூடியிருந்தது.

"இது எப்ப?"

"மங்கலம்பேட்டையில இருந்தப்ப. கெணத்தடியில வழுக்கி வுழுந்தேன். யாரு வூட்டு மாடோ கன்னு போட முடியலன்னு நீங்க ரெண்டு நாளு அங்கியே கெடந்தீங்க."

"சொல்லவே இல்லியே?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். கன்னு பொழச்சிகிச்சின்னு அவ்ளோ சந்தோசமா வந்தீங்க. எண்ணெ போட்டு நீவிக்கிட்டேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணைத் திறக்க அவருக்குத் தைரியம் இல்லை.

"இன்னும் எங்கெங்க?" என்றார்.

லோகநாயகி அவர் கையைப் பிடித்துத் தன் வலது முழங்கையில் வைத்தாள்.